அடி வளையாத காலணி காலுக்கு எப்படிச் சுகமாகும்?

கேள்வி இது: "என் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றபடியே வேலை. கூட வேலை செய்பவர்களைப் பார்த்துவிட்டுத் தானும் க்ளாக்ஸ் வாங்க வேண்டும் என்கிறார். எனக்கு அது மொத்தையாகவும் கனமாகவும் தெரிகிறது. பின்னால் குதிகாலைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அடிப்பாகத்தைக் கையால் வளைத்துப் பார்த்தேன், வளையவே இல்லை. இது உண்மையிலேயே காலுக்கு நல்லதா, அல்லது சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து போகும் மோகமா?"

அடி வளையவில்லை என்று நீங்கள் குறையாகச் சொன்ன இடத்தில்தான் பதில் இருக்கிறது. ஆம்பூர் பக்கம் ஏற்றுமதி ஷூ தொழிற்சாலைகளில் 22 வருடமாக பேட்டர்ன், லாஸ்ட் வேலை பார்க்கிறேன். லாஸ்ட் என்பது ஷூவை எந்த அச்சின் மேல் இழுத்துத் தைக்கிறோமோ, அந்தக் கால் வடிவக் கட்டை. எத்தனையோ வகைக் காலணி என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறது. அவற்றில் நான் மிகவும் மதிப்பது க்ளாக்ஸைத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதை க்ளாக் என்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளலாம். தடித்த, மடங்காத அடி. முதலில் அது மரம், பிறகு கார்க், பாலியூரித்தேன் என்று மாறியது. விரல்களையும் மேல்பாதத்தையும் மூடுகிற மேல்பாகம். பெரும்பாலும் திறந்த குதிகால். நம் ஊரில் சாமியார்கள் போட்டிருந்த பாதக்குறடும் மரம்தான், ஆனால் அது க்ளாக் அல்ல. அதில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ் இருக்கும், அந்தக் குமிழைக் கவ்விக்கொண்டே நடக்க வேண்டும். ஜப்பானியர்களின் கெத்தா என்ற மரச் செருப்பிலும் விரலிடுக்கில் வார்தான். க்ளாக்கில் விரல்களுக்கு எந்த வேலையும் கிடையாது. காலணியைப் பிடித்திருப்பது மேல்பாதத்தின் மேடு. பாதத்துக்குச் சோர்வு குறைவதற்கு முதல் காரணம் அது.

இரண்டாவது காரணத்தை நீங்களே உங்கள் காலில் பார்த்துவிடலாம். வெறுங்காலோடு தரையில் நின்று மெதுவாக ஓர் அடி எடுத்து வையுங்கள். பின்னால் இருக்கும் காலின் குதிகால் மேலே எழும்பும். விரல்கள் தரையிலேயே இருக்கும். விரல்கள் பாதத்தோடு சேரும் அந்த மூட்டு வரிசையில் பாதம் மடங்கும். அந்தக் கணத்தில் உடல் எடை மொத்தமும் அந்த வரிசையின் மேல் இறங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் இது நடக்கிறது. சாதாரண ஷூவை நாங்கள் அந்த இடத்திலேயே மடங்கும்படிதான் செய்கிறோம்.

மரம் மடங்காது. மடங்காத பலகையைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தால் நுனி தரையில் முட்டி ஆள் குப்புற விழுவார். அதனால் கட்டைச் செருப்பு செதுக்கியவர்கள் அடியின் முன்பகுதியைப் படகின் மூக்குபோல மேலே தூக்கிவிட்டார்கள். குதிகால் எழும்பும்போது காலணி மடங்குவதில்லை, குழந்தைகளின் ஆடுகுதிரைபோல முன்னால் உருள்கிறது. உள்ளே பாதம் ஏறக்குறைய நேராகவே இருக்கிறது. விரல் மூட்டுகள் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை அந்த வளைவு செய்துவிடுகிறது. தொழிலில் இதற்கு டோ ஸ்பிரிங் என்று பெயர். தட்டையான மேஜையில் ஷூவை வைத்தால் நுனி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற அளவு.

இந்த அளவின் அருமை எனக்கு ஒரு தோல்வியில்தான் புரிந்தது. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மர அடி வைத்த க்ளாக் மாதிரி செய்துகொண்டிருந்தோம். நுனி தூக்கிக்கொண்டு நிற்பது படத்தில் அழகாக இல்லை, அதைக் குறையுங்கள் என்று அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. ஐந்தே மில்லிமீட்டர்தான் குறைத்தோம். மாதிரியை லைனில் வேலை பார்க்கும் பெண்கள் நான்கு பேரிடம் கொடுத்து அரை நாள் போட்டிருக்கச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேர் படியில் தடுக்கிவிட்டார்கள். மூன்றாவது அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "இது முன்னாடி தள்ள மாட்டேங்குதுங்க, நான்தான் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கு" என்றார். ஒரு க்ளாக் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தத் தரப் பரிசோதனை அறிக்கையிலும் நான் படித்ததில்லை. பழைய அளவுக்கே திரும்பினோம். இன்றும் புதிய க்ளாக் எது கையில் வந்தாலும் முதலில் மேஜையில் வைத்து நுனிக்கடியில் விரலை விட்டுப் பார்ப்பேன்.

வளையாத அடியின் மருத்துவப் பயன் உலகுக்குத் தெரிந்ததில் நம் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதப் புண்கள் ஆறாமல் போவதற்குக் காரணம் நோய் சதையை அரிப்பதுதான் என்று நம்பிய காலம் அது. உணர்ச்சி போன பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுகிறது, வலி தெரியாததால் ஆள் அதே இடத்தை மிதித்துக்கொண்டே இருக்கிறார், புண் அதனால் வருகிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அழுத்தத்தைப் பரப்பும் காலணிகளை உருவாக்கினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று நம் சர்க்கரை நோய் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்களே, அந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பின் ஊற்று அங்கேதான். முன்பாதத்தில் புண் வந்து ஆறியவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், அடி மடங்காமல் உருளும்படி செய்த காலணி தருவார்கள். மடங்காமல் உருளும் இந்த வேலையைத்தான் ஐரோப்பியக் குடியானவனின் கட்டைச் செருப்பும் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு தெருவைத் தோண்டியபோது கிடைத்த முழுமரச் செருப்பு ஏறத்தாழ 1230ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஆல்டர் மரத்தில் செதுக்கியது. நெதர்லாந்தில் இதற்கு க்ளொம்ப் என்று பெயர், பன்மையில் க்ளொம்பன். அங்கே நிலத்தடி நீர் காலடியிலேயே இருக்கும். வயல் என்றால் வருடம் முழுக்க ஈரம். தோல் அந்த ஈரத்தில் ஊறி அழுகும், மரம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டால் குளிர் ஏறாது. மாடு மிதித்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது. இன்றைக்கும் முழுமர க்ளொம்ப், பாதுகாப்புக் காலணிக்கான ஐரோப்பிய சி.இ. முத்திரை வாங்கிய பொருள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று: டச்சுக் குடியானவர்கள் க்ளொம்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடுதான் வீட்டுக்குள் போவார்கள். வாசலில் வரிசையாகக் கிடக்கும் மரச் செருப்புகளைப் பார்த்தபோது நம் வீட்டு விசேஷ நாள் வாசல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்பக்கம் இல்லாத காலணியின் சௌகரியம் கை வைக்காமல் கழற்றுகிறவருக்குத்தான் தெரியும், நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை விஷயமாக ஒருமுறை அந்த நாட்டுக்குப் போனபோது, தெற்கே பிராபன்ட் மாகாணத்தில் ஒரு பெரியவர் கையால் க்ளொம்ப் செதுக்குவதை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். மரம் வில்லோ அல்லது பாப்லர். காய்ந்த மரம் ஆகாது, வெட்டிச் சில நாளே ஆன பச்சை மரம்தான் வேண்டும். உருட்டுக்கட்டையைச் செருப்பு நீளத்துக்கு அறுத்து, ஆப்பு வைத்து நெடுக்காகப் பிளந்தார். கோடரியால் நான்கு தட்டில் பாதத்தின் வெளிவடிவம் வந்துவிட்டது. அடுத்து எடுத்ததுதான் விசேஷமான கத்தி. ஒரு முழத்துக்கு மேல் நீளம். ஒரு முனையில் கொக்கி, அது மேஜையில் அடித்த வளையத்தில் மாட்டியிருக்கும். மறுமுனையில் கைப்பிடி. நம் ஊர்ப் புத்தகம் தைக்கிற கடைகளில் காகிதம் வெட்டும் கத்தி ஒரு பக்கம் பூட்டியிருக்குமே, அந்த மாதிரி. அதை அழுத்த அழுத்த மரம் வாழைத்தண்டுபோலச் சீவிக்கொண்டு வந்தது.

பிறகு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆப்பால் இறுக்கினார். கரண்டிபோல வளைந்த துளைகருவியால் உள்ளே குடைந்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே எவ்வளவு சுவர் மிச்சம் இருக்கிறது என்பதை விரலாலும் சத்தத்தாலும்தான் கணக்கிடுகிறார். பாதி குடைந்ததும் செருப்பின் வாயில் தன் வாயை வைத்து ஊதினார். மரத்தின் நுண்துளை வழியாக நுனியில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. "இன்னும் சில வாரம் நிழலில் காய வேண்டும், காயும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாகக் குடைந்திருக்கிறேன்" என்று விளக்கினார். காய்ந்த ஜோடி ஒன்றைக் கையில் கொடுத்தார். கனமாக இருக்கும் என்று நினைத்து வாங்கிய கை சட்டென்று மேலே போனது, அவ்வளவு லேசு. பெரும்பாலான க்ளொம்பன் இப்போது இயந்திரத்தில்தான் வருகிறது. சாவிக் கடையில் நகல் எடுக்கும் இயந்திரம் பார்த்திருப்பீர்கள்: ஒரு பக்கம் மாதிரி சுழல, மறுபக்கம் கத்தி அதே வடிவத்தில் வெட்டும். இதுவும் அதே முறை.

டச்சு மொழியில் ஆச்சரியத்தின் உச்சத்தில் "இப்போ என் க்ளொம்பே உடைஞ்சுடும்" என்பார்கள். நாம் "தூக்கிவாரிப் போட்டது" என்கிற இடத்தில் அவர்களுக்கு அது வருகிறது.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே அடி மட்டும்தான் மரம். மேல்பாகம் தோல், ஓரம் சுற்றிலும் ஆணி. அடிக்குக் கீழே குதிரை லாடம்போல வளைந்த இரும்புப் பட்டை இரண்டு, முன்னுக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. லங்காஷயர் பருத்தி ஆலைகளின் ஈரத் தரையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் இதைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இரும்பு தேய்ந்தால் க்ளாக் செய்பவரின் கடைக்குப் போய் வேறு இரும்பு அடித்துக்கொள்வார்கள், மர அடி தரையைத் தொடுவதே இல்லை, அதனால் அது வருடக்கணக்கில் உழைத்தது. தோல் ஷூவுக்கு வசதியில்லாத வீட்டில் இதுவே எல்லாருக்கும் காலணி. குழந்தைகள் கருங்கல் பாவிய தெருவில் இரும்பை உரசித் தீப்பொறி பறக்க விடுவார்கள். அந்த ஆலைத் தெருக்களின் தாளத்திலிருந்துதான் லங்காஷயர் க்ளாக் நடனம் வளர்ந்தது. சார்லி சாப்ளின் சிறுவனாக மேடை ஏறியது 'எட்டு லங்காஷயர் பையன்கள்' என்ற க்ளாக் நடனக் குழுவில். அவருடைய கால்கள் பின்னால் திரையில் செய்த அற்புதங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

பிரெஞ்சில் கட்டைச் செருப்புக்கு ஸபோ. நாசவேலையைக் குறிக்கும் 'ஸபோட்டாஜ்' என்ற சொல் இதிலிருந்து பிறந்ததுதான். தொழிலாளர்கள் செருப்பை இயந்திரத்துக்குள் எறிந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. கட்டைச் செருப்போடு தடதடவென்று நடப்பது, அதிலிருந்து வேலையை ஒப்பேற்றிவிட்டுப் போவது என்ற பொருள், அதிலிருந்து வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பது என்று சொல் நகர்ந்திருக்கிறது.

இனி உங்கள் மனைவியின் உலகத்துக்கு வரலாம். மருத்துவமனைக்குள் க்ளாக்ஸ் நுழைந்த வழி ஸ்வீடனும் டென்மார்க்கும். அங்கே மர அடியின் மேல் தடித்த தோலை வைத்து, சுற்றிலும் உலோக ஸ்டேப்பிள் ஊசி அடித்து முடிப்பார்கள். தையல் இல்லை, பசை அதிகம் இல்லை. டென்மார்க்கின் ஸனிட்டா நிறுவனம் 1907இலிருந்து இதைச் செய்கிறது. 1990இல் அமெரிக்காவில் டான்ஸ்கோ என்ற நிறுவனம் தொடங்கியது. பெயரே டேனிஷ் ஷூ என்பதன் சுருக்கம். மரத்துக்குப் பதில் பாலியூரித்தேன் அடி, ஆனால் மடங்காத தன்மையும் நுனியின் உருளலும் அப்படியே. நர்ஸ்கள், சமையல்காரர்கள், ஆசிரியர்கள், முடி திருத்துபவர்கள் என்று நின்றே பிழைப்பவர்கள் அனைவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். சம்பளத்துக்காக நாளெல்லாம் நிற்கிறவர்கள் காலணி விஷயத்தில் யாருடைய விளம்பரத்துக்கும் மயங்குவதில்லை, வலித்தால் அடுத்த மாதமே மாற்றிவிடுவார்கள். அவர்கள் முப்பது வருடமாக விடாமல் வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய சான்று.

நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் தரையில் மெல்லிய செருப்போடு நின்றால் எடை குதிகாலிலும் விரல் மூட்டிலும் இரண்டு புள்ளியாகக் குத்தும். க்ளாக்கின் உள்தளம் பாதத்தின் வளைவுக்கு ஏற்பக் குடைந்திருப்பதால், நடுப்பாதமும் எடையில் பங்கு வாங்கிக்கொள்கிறது. சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்கும், அதற்கு அகலமான முன்பகுதியில் இடம் இருக்கிறது. பின்பக்கம் திறந்திருப்பதால் குதிகால் உரசிக் கொப்புளம் வராது, இரண்டு அறுவைக்கு நடுவே ஒரு நிமிடம் கழற்றிக் காலை நீட்டிக்கொள்ளலாம். கத்தியோ ஊசியோ கை தவறி விழுந்தால் மூடிய தோல் தாங்கும். ரத்தம் பட்டால் துடைத்துவிடலாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு கிளை, ஜெர்மனியின் பிர்கன்ஸ்டாக் நிறுவனம் செய்யும் பாஸ்டன் என்ற மாடல். 1976இல் வந்தது. அடி கார்க்கும் ரப்பர் பாலும் கலந்தது. மரத்தைவிட இளகும். போட்டுப் பழகப் பழக அவரவர் பாதத்தின் அச்சு அதில் விழும். முதல் இரண்டு வாரம் கடுப்பாக இருக்கும், பிறகு வேறு எதையும் போட மனம் வராது. ஆபரேஷன் தியேட்டருக்கு அது வேண்டாம். கார்க்கும் ஸ்வேட் தோலும் ஈரத்துக்கு ஆகாது.

க்ராக்ஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, நம் ஊரில் க்ளாக்ஸ் என்றாலே பாதிப் பேருக்கு அதுதான். 2002இல் ஃப்ளாரிடாவில் ஒரு படகுக் கண்காட்சியில் அறிமுகமானது. முதலில் நினைத்தது படகில் வேலை செய்பவர்களுக்கு. உருவம் முழுக்க டச்சு க்ளொம்ப்தான்: உருண்ட மூக்கு, அகலமான முன்பகுதி, தடித்த அடி. ஆனால் வளையாமை மட்டும் போய்விட்டது. அது நுரை, மெத்தென்று இருக்கும், கையில் மடங்கும். வீட்டில், தோட்டத்தில், மழையில், குழந்தைகளுக்கு, அதைவிட வசதியானது குறைவு. நானும் மழைக்காலத்தில் அதைத்தான் போடுகிறேன். பத்து மணி நேரம் நிற்பதற்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நுரை மாதக்கணக்கில் எடை தாங்கத் தாங்க அமுங்கிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும், உள்ளே குதிகால் பக்கம் சப்பையாகியிருக்கும். மேலே இருக்கும் ஓட்டைகள் வழியாக ஊசி விழலாம், ரத்தம் இறங்கலாம் என்பதால் பல மருத்துவமனைகள் ஓட்டை வைத்த மாடலை அனுமதிப்பதில்லை. எஸ்கலேட்டரில் குழந்தைகள் கால் சிக்கிய சம்பவங்களால் 2008இல் ஜப்பான் அரசே வடிவத்தை மாற்றச் சொல்லிக் கேட்டது. குழந்தைக்குப் போட்டுவிட்டால் எஸ்கலேட்டர் நடுவில் நிற்கவைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த வகை நுரைச் செருப்பை மொட்டைமாடி வெயிலிலோ மூடிய காரிலோ விட்டால் சுருங்கிவிடும், சித்திரை வெயிலில் இது கண்ணெதிரே நடக்கும்.

மோகமா என்று கேட்டீர்கள். மோகமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1970களில் ஸ்வீடன் க்ளாக்ஸ் பெல்பாட்டத்தோடு சேர்ந்து உலகம் சுற்றியது. பிறகு அடங்கியது. 2006இல் ஸ்வீடிஷ் ஹாஸ்பீன்ஸ் என்ற நிறுவனம் அந்தப் பழைய மாடல்களையே மறுபடி செய்யத் தொடங்கியது. 2010 கோடைக்கான ஷனெல் ஃபேஷன் நிறுவனத்தின் அணிவகுப்பில் பாரிஸ் கிராண்ட் பாலே அரங்கில் வைக்கோல் கொட்டகை போட்டு, மாடல்களை க்ளாக்ஸில் நடக்கவிட்டார் அதன் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட். 2017இல் பலென்சியாகா என்ற ஃபேஷன் நிறுவனம் தடித்த அடி வைத்த க்ராக்ஸை மேடையேற்றியது. இப்போது மறுபடி பாஸ்டன் அலை.

ஆனால் இந்த அலைகளுக்கு நடுவிலும் வேலை செய்கிறவர்கள் அதைக் கழற்றவே இல்லை. ஃபேஷன்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து எடுத்துக்கொள்வது அவர்கள் காலிலிருந்துதான். அழகு என்று எனக்குத் தெரிவதும் அதனால்தான். பாதம் உண்மையில் முன்னால்தான் அகலம். நாங்கள் செய்யும் கூர்மூக்கு ஷூக்களில் அந்த அகலத்தை மறைக்க எவ்வளவு பாடுபடுகிறோம், அதன் விலையைக் கட்டைவிரல் பக்கவாட்டில் புடைத்துக் கொடுக்கிறது. க்ளாக் அந்த அகலத்தை ஒளிக்காமல் உருட்டி வைத்துவிட்டது. அகலக் கால் வைத்த பேன்ட், பலாஸோ, கணுக்காலுக்கு மேல் நிற்கும் குர்தி செட் எல்லாவற்றுக்கும் கீழே அந்த உருண்ட மூக்கும் மரவண்ண அடியும் கனமாக ஒரு முடிவு கொடுக்கும். மெல்லிய செருப்பு அந்த உடைகளுக்குக் கீழே காணாமல் போய்விடும். புடவையோடு பழுப்புத் தோல் க்ளாக்ஸ் போட்ட ஒரு டாக்டரம்மாவை வேலூரில் பார்த்திருக்கிறேன், அவ்வளவு கம்பீரம்.

இனி வாங்குவதைப் பற்றி. சாயங்காலம் டூட்டி முடிந்த பிறகு கடைக்குப் போகச் சொல்லுங்கள், பாதம் அப்போதுதான் நிஜ அளவில் இருக்கும். மேஜையில் வைத்து நுனிக்கடியில் ஒரு விரலாவது தாராளமாக நுழைகிறதா பாருங்கள். இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்குங்கள். முறுக்கிக்கொண்டால் அது க்ளாக் உருவத்தில் இருக்கும் சாதாரண செருப்பு. போட்டுக்கொண்டு நிற்கும்போது விரல்கள் முன்னால் இடிக்கக் கூடாது, பின்னால் ஒரு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் உள்ளே சற்று எழும்பும். அது அளவு பெரிது என்று நினைத்துச் சின்ன சைஸ் வாங்கிவிடாதீர்கள், உருளும் காலணியில் குதிகால் எழும்பித்தான் ஆக வேண்டும். பிடிப்பு முழுக்க மேல்பாதத்தில் இருக்கிறதா என்பதையே பாருங்கள். அங்கே தொளதொளத்தால் விரல்கள் கவ்வ ஆரம்பித்துவிடும். தியேட்டருக்கு என்றால் மேலே ஓட்டை இல்லாத, கழுவக்கூடிய, அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டிய மாடல். அவருடைய மருத்துவமனையில் பின்பட்டை கட்டாயமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் உண்டு. வெறும் மர அடி டைல்ஸ் தரையில் வழுக்கும், வேண்டாம்.

சிலருக்கு இது ஆகாது, அதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கடையில் கிடைக்கும் க்ளாக்ஸை வாங்கிப் போடக் கூடாது. உள்ளே பாதம் நகர்ந்து உரசினால் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு வேண்டிய உருளும் காலணியை மருத்துவர் சொல்லி அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். கணுக்கால் அடிக்கடி பிசகுபவர்கள், நடையில் தள்ளாட்டம் உள்ள பெரியவர்கள் தவிர்ப்பது நல்லது. அடி உயரம், மேடுபள்ளத்தில் கால் புரண்டால் காலணி கூடவே வளைந்து கொடுக்காது. க்ளாக்ஸ் போட்டுக்கொண்டு பைக் கியர் மாற்றுவதும், கார் ஓட்டுவதும் வேண்டாம். பெடல் காலுக்குத் தெரியாது. உங்கள் மனைவி ஸ்கூட்டியில் போகிறவர் என்றால் க்ளாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளட்டும். தியேட்டர் காலணி தெருவில் நடக்காமல் இருப்பது சுத்தத்துக்கும் நல்லது.

வாங்கிய முதல் நாளே பத்து மணி நேர டூட்டிக்குப் போட வேண்டாம். முதல் மூன்று நாள் வீட்டில் இரண்டிரண்டு மணி நேரம், பருத்திக் காலுறையோடு. கெண்டைக்காலும் முன்காலும் லேசாக இழுக்கும். நடை மாறுவதால் வரும் வலி அது, ஒரு வாரத்தில் போய்விடும். மேல்பாதத்தில் தோல் அழுத்தும் இடம் ஈரத்துணியால் துடைத்துப் போட்டு நடந்தால் சீக்கிரம் இளகும். இரண்டு வாரம் கழித்தும் ஒரே இடத்தில் வலி இருந்தால் அந்த ஜோடி அவருக்கு இல்லை, "பழகிவிடும்" என்று விட்டுவிடாமல் வேறு லாஸ்டில் செய்த வேறு மாடலைப் பார்க்கச் சொல்லுங்கள்.